செம்பும் உப்புக் காற்றும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களிடம் செம்பு என்ன நிறம் என்று கேட்டால் பச்சை என்றுதான் சொல்வார்கள். மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி இருந்தாலும் அந்தக் காற்று விடாது. ஜன்னல் கம்பி, கேற் பூட்டு, ஏசியின் வெளிப்பெட்டி, எல்லாவற்றையும் அரிக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் வயரைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் பச்சையாக ஒரு பூச்சுப் படிந்திருக்கும். வீட்டு ஸ்டீரியோவுக்கு விலை கூடிய கேபிள் போட்டால் சத்தம் திருந்துமா என்ற கேள்விக்கு லண்டனில் இருப்பவர் சொல்லும் பதிலும் கொழும்பில் இருப்பவர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது என்று நான் நினைப்பதற்கு இந்தப் பச்சைதான் காரணம்.

கேள்வி அலுவலகத்திலிருந்து வந்தது. எங்களோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய அம்பிளிபயரும் ஒரு சோடி சின்ன ஸ்பீக்கரும் வாங்கியிருந்தார். வாங்கிய இடத்தில், செற்றின் விலையில் பத்திலொரு பங்கையாவது கேபிளில் போடாவிட்டால் எல்லாம் வீண் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணை, உண்மையோ?" என்றார். தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் இருந்து ஆற அமரப் பாட்டுக் கேட்கிற கூட்டம் சிறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் பாய்ந்ததும், புதுச் சாமான் ஆசையைப் பலருக்கு ஒத்திவைக்க வைத்தன. கையில் இருப்பவை பழைய ஜப்பான் அம்பிளிபயர்கள், நாட்டை விட்டுப் போனவர்கள் விற்றுவிட்டுப் போன ஸ்பீக்கர்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் வரும்போது கொண்டுவரும் சில்லறைச் சாமான்கள். ஸ்பீக்கரைச் சூட்கேசில் வைக்க முடியாது. அம்பிளிபயர் கனம். கேபிளைச் சுருட்டினால் சேலைகளுக்கு நடுவில் அடங்கிவிடும். செற்றின் விலைக்குப் பொருந்தாத கேபிள்கள் இங்கே இத்தனை வீடுகளில் புழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

பம்பலப்பிட்டியில் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவருக்கும் அப்படித்தான் வந்தது. கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஸ்பீக்கர் கேபிள், மரவள்ளிக்கிழங்குத் தடிப்பில், மேலே வலைத்துணி போர்த்தி, இரண்டு முனையிலும் பொன் முலாம் பூசிய பிளக்கோடு. அம்புக்குறி வேறு போட்டிருந்தது. விலையை அண்ணை சொல்லவில்லை. அண்ணியைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு மச்சான் சொன்னார். நாங்கள் நாலைந்து பேர் ஒரு மாலையில் போய் உட்கார்ந்தோம். பழைய வயரைக் கழற்றி இதைப் போட்டார்கள். வீணைக் கச்சேரி ஒன்று ஓடியது. உண்மையைச் சொன்னால் வித்தியாசம் கேட்டது. எனக்கும் கேட்டது.

"இப்ப பாருங்கோ, வீணை எங்க இருக்கெண்டு விரல் நீட்டிக் காட்டலாம்," என்றார் அண்ணை.

அவருடைய மகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை. ஒரு மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பி இருங்கோ. நான் மாத்தி மாத்திப் போடுறன். எது எதெண்டு எழுதுங்கோ," என்றாள். மச்சானுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை கேட்டால் மறுக்க முடியுமா.

நேரம் எடுத்து, நேர்மையாகத்தான் செய்தாள். சில தடவை மாற்றினாள். சில தடவை மாற்றுவது போலச் சத்தம் காட்டிவிட்டு அதையே விட்டாள். கடைசியில் தாள்களை வாங்கிப் பார்த்தால், நாணயம் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். எங்களில் மிக நுட்பமான காது என்று பெயர் எடுத்தவர், அவள் எதையும் தொடாத ஒரு தடவையில், "ஆ, இப்ப மேல் சுருதி திறந்திட்டுது," என்று எழுதியிருந்தார். பெயர் சொல்லமாட்டேன். அவர் இதை வாசிப்பார்.

ஆனால் எனக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டது அதன் பிறகு நடந்தது. முதலில் எல்லோருக்கும் கேட்ட வித்தியாசம் எங்கே போனது? அண்ணை பழைய வயரின் நுனியைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் வெட்டினாய்?" என்று மகளைக் கேட்டார். "பச்சையா இருந்ததப்பா. அதுதான் ஒரு அங்குலம் வெட்டிட்டு, புதுசாத் தோல் உரிச்சுப் போட்டன்," என்றாள். பல ஆண்டுகளாகக் கடற்காற்றில் கிடந்து பச்சை படிந்த நுனியை முதல் தடவையாக யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள். அம்பிளிபயரின் திருகாணிகளும் கேபிள் மாற்றும்போது திருகுப்பட்டு, தேய்ந்து, பளபளத்திருந்தன. மரவள்ளிக்கிழங்கு வரும் முன் இருந்த தொடர்பும் வந்த பின் இருந்த தொடர்பும் ஒன்றல்ல. திருந்தியது கேபிள் அல்ல, தொடர்பு. அந்தத் திருத்தத்துக்குத் தேவை ஒரு வெட்டுக்குறடும் ஐந்து நிமிடமும்.

கேபிள் மாற்றியதும் சத்தம் மாறியது என்று சொல்கிறவர்கள் எல்லோரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்ல நான் தயங்குவது இதனால்தான். கரையோர வீடுகளில் கழற்றி மாட்டுவதே ஒரு வைத்தியம். பழையதையே கழற்றி மாட்டினாலும் அதே பலன் கிடைக்கும் என்பதை யாரும் செய்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பொன் முலாம் பூசிய பிளக்கைப் பற்றி வெளிநாட்டு எழுத்துகளில் நிறையக் கிண்டல் உண்டு. பொன் செம்பை விடச் சிறந்த கடத்தி அல்ல என்பது சரி. ஆனால் அது துருப்பிடிக்காது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அது சின்ன விஷயமில்லை. நல்ல பொன் முலாம் பிளக் வாங்குவதற்கு மரவள்ளிக்கிழங்கையும் சேர்த்து வாங்கத் தேவையில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் கணக்காளன். பொறியியல் என் தொழில் அல்ல. ஆனால் ஓமின் விதி சாதாரண தரத்தில் எல்லோரும் படித்ததுதான். வீட்டுக்கு வயர் இழுக்கிற பாஸ்மாரைக் கேட்டால் 7/0.67 என்பார்கள். 0.67 மில்லிமீற்றர் தடிப்பான ஏழு இழை, மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். களனி, ஏ.சி.எல். என்று எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கிற செம்பு. இந்த அளவுச் செம்பின் தடை கிலோமீற்றருக்கு ஏழு ஓம் சொச்சம். அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கர் ஐந்து மீற்றர் தூரத்தில் இருந்தால் போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீற்றர். தடை 0.07 ஓம். ஸ்பீக்கர் எட்டு ஓம். வயரில் தொலைவது 0.08 டெசிபெல் (சத்தத்தின் அளவைச் சொல்கிற அலகு). ஒரு டெசிபெல் வித்தியாசத்தையே கவனித்துக் கேட்டால்தான் பிடிக்கலாம்.

மெல்லிய வயர் போட்டால்? இதில் விலை கூடிய கேபிள்காரர்களுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அரைச் சதுர மில்லிமீற்றர் வயர், அதாவது மலிவான செற்றோடு சும்மா கொடுக்கிற அந்தச் சிவப்புக் கறுப்பு நூல், அதே தூரத்துக்கு 0.36 ஓம் தடை தரும். எட்டு ஓம் என்று ஸ்பீக்கரில் எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதியிலும் எட்டு அல்ல. ஓரிடத்தில் மூன்றுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் இருபதுக்கு ஏறும். மூன்று ஓம் உள்ள இடத்தில் அந்த மெல்லிய வயர் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல்லைத் தின்னும். இருபது ஓம் உள்ள இடத்தில் 0.15தான் தின்னும். ஆக, பாட்டின் நிறமே 0.8 டெசிபெல் அளவுக்குச் சரிகிறது. இது கேட்கக்கூடியது. 7/0.67இல் அந்தச் சரிவு 0.2க்கும் குறைவு. அதற்கு மேல் தடிக்கத் தடிக்கக் கிடைப்பது காதுக்கு எட்டாத இலக்கங்கள். தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில் இது: நூல் வயரைத் தூக்கி எறி, ஆனால் அடுத்த படியில் நின்றுவிடு.

வெள்ளிக் கேபிள் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்தில் எழும்புவார்கள். வெள்ளி செம்பை விட ஆறு சதவீதம் போல நன்றாகக் கடத்தும், மறுக்கவில்லை. செம்பின் குறுக்குப்பரப்பை ஆறு சதவீதம் கூட்டி எடுத்தால் கணக்குச் சமன். ஒக்சிசன் நீக்கிய செம்பு என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். சாதாரண மின்வயர்ச் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் உள்ள இடைவெளி ஒரு சதவீதம் அளவில். மின்னோட்டம் உயர் சுருதியில் கம்பியின் தோலோடு ஓடும், நடுச் செம்பு வீண் என்பது இன்னொரு வாதம். ரேடியோ அலைவரிசையில் அது பெரிய விஷயம்தான். 20 கிலோஹேர்ட்ஸில், அதாவது இளம் காது கேட்கிற உச்சியில், அந்தத் தோலின் ஆழம் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நம்முடைய 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தடை அங்கே கால்வாசி அளவு கூடலாம். 0.07 ஓமில் கால்வாசி. என் வயதில் 20 கிலோஹேர்ட்ஸே கேட்காது என்பது வேறு கதை.

மச்சானின் கேபிளில் இருந்த அம்புக்குறியைப் பற்றியும் கேட்டார்கள். ஸ்பீக்கருக்குப் போவது ஆடலோட்டம். ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான தடவை போய்த் திரும்புகிறது, அதற்கு எந்தத் திசை சொந்தம்? ஆனால் சிடி பிளேயரிலிருந்து அம்பிளிபயருக்குப் போகிற சில மெல்லிய கேபிள்களில் வெளிக்கவசத்தை ஒரு முனையில் மட்டும் பற்றவைத்திருப்பார்கள். அங்கே அம்புக்குறிக்கு ஒரு பொருள் உண்டு.

அந்த இடைக் கேபிள்களிலும் கணக்கு இப்படித்தான் முடியும். கேபிளுக்குள் மின்னேற்றம் தேங்குகிற தன்மையை, அதாவது கொள்ளளவத்தை, ஒரு மீற்றருக்கு நூறு பிகோபரட் என்று வைத்து, இரண்டு மீற்றர் எடுத்து, சிடி பிளேயரின் வெளியீட்டுத் தடையைத் தாராளமாக ஆயிரம் ஓம் என்று போட்டாலும், சத்தம் மங்கத் தொடங்குவது 800 கிலோஹேர்ட்ஸ் அளவில். வௌவாலுக்கும் அவ்வளவு தேவையில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, இசைத்தட்டு. காந்தம் அசைகிற வகைக் காட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) உள்ளவர்கள் கேபிளின் கொள்ளளவத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஓடியோ டெக்னிக்காவின் விஎம்95ஈ போன்ற ஒன்றுக்குக் கேபிளும் அம்பிளிபயரும் சேர்த்து 100 முதல் 200 பிகோபரட்டுக்குள் இருக்கவேண்டும். கூடினால் காட்ரிட்ஜின் சுருளோடு அது சேர்ந்து உயர் சுருதியில் ஒரு திமிலை உண்டாக்கி, அதற்கு மேலே சத்தத்தை விழுத்திவிடும். இது காதுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இதற்குத் தீர்வு குட்டையான, கொள்ளளவம் குறைந்த கேபிள். விலை கூடிய கேபிள்களில் சில இந்த விஷயத்தில் மலிவானதை விட மோசம்.

எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, ஒளிக்கேபிள் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒன்றும் பூச்சியமும் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். சேராவிட்டால் பாட்டு வெட்டும், படம் புள்ளி புள்ளியாகப் போகும். வயலின் மட்டும் கொஞ்சம் கரகரப்பாகி வராது.

இந்தக் கணக்குகளை ஒருவர் நம்பாமல் விடலாம். அப்படியானவரிடம் நான் கேட்பது, பாட்டு உங்கள் வீட்டுக்கு வரும் முன் எந்த வழியாக வந்தது என்று. பாடகரின் மைக்கிலிருந்து கலவை மேசை வரைக்கும், மேசையிலிருந்து பதிவுக் கருவி வரைக்கும் பெல்டன், மொகாமி, கனாரே என்று ஸ்டூடியோக்காரர் சுருள் சுருளாக வாங்குகிற, மீற்றர் கணக்கில் விற்கிற கேபிள். நல்ல கேபிள்தான், நகை விலை இல்லை. உங்கள் ஸ்பீக்கரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற சுருளில் தலைமுடி போன்ற செம்புக் கம்பி மீற்றர் கணக்கில் சுற்றியிருக்கும். எட்டு ஓம் ஸ்பீக்கரில் ஆறு ஓம் அளவு அந்தக் கம்பியின் வெறும் தடைதான். இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற கடைசி ஐந்து மீற்றரில் என்ன அதிசயத்தை நிகழ்த்தப்போகிறோம்?

கரண்ட் கேபிளுக்கு, அதாவது சுவரிலிருந்து அம்பிளிபயருக்கு வருகிற கேபிளுக்கு, காசு கொட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். நுரைச்சோலையில் நிலக்கரியில் எரிந்தோ, லக்சபானவில் நீரில் சுழன்றோ பிறந்த மின்சாரம், மலையும் வயலும் தாண்டி அலுமினியக் கம்பியில் பல பத்துக் கிலோமீற்றர் வந்து, ஒழுங்கை முனையில் காகம் குந்தியிருக்கிற ட்ரான்ஸ்போர்மரில் இறங்கி, சுவருக்குள் பாஸ் இழுத்த வயரில் ஓடி, சொக்கெற்றுக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீற்றருக்கு மட்டும் பட்டுச் சட்டை. ஆனால் மின்சாரப் பக்கத்தில் உண்மையான பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கொழும்பின் பழைய வீடுகளில் உருண்டைக் கால் சொக்கெற்றுகளின் மூன்றாவது துளை எதற்கும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கும். அம்பிளிபயரில் ஒரு 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், கேபிள் கடைக்குப் போகும் முன் ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரீவியும் கணினியும் அம்பிளிபயரும் வெவ்வேறு சொக்கெற்றில் இருந்தாலும் ரீங்காரம் வரும். எல்லாவற்றையும் ஒரே மல்ரிபிளக்கில் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். ரீங்காரம் நிற்கவேண்டும் என்று எர்த் காலை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், பாட்டுக் கேட்க உயிரோடு இருக்கவேண்டும்.

பிற நாடுகளில் இதையெல்லாம் எப்போதோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் 1983இல் ஸ்பீக்கர் கேபிள்களை மறைத்து வைத்துக் கேட்க வைத்தார். மிக மெல்லிய 24 கேஜ் வயரை, இரைச்சல் ஒலியைப் போட்டபோது கேட்டவர்கள் பிடித்தார்கள். இசையைப் போட்டபோது பிடிப்பது கடினமாயிற்று. என் 0.36 ஓம் கணக்கோடு இது ஒத்துப்போகிறது: மெல்லியதில் குறை உண்டு, தடித்ததற்கு மேல் தடித்ததில் நிறை இல்லை. 2007இல் மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டொலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். ஒலிக்கருவி விமர்சகர் மைக்கல் ஃபிரமர் முன்வந்தார், கேபிள் செய்த நிறுவனம் பின்வாங்கியது, சோதனை நடக்கவேயில்லை. இதை நான் பெரிய ஆதாரமாக எடுப்பதில்லை. வேடிக்கைக்குச் சொன்னேன்.

எனக்கு இவற்றை விடப் பிடித்தது 1994இல் ஃபுளோயிட் டூலும் ஷோன் ஒலிவும் செய்தது. கேபிள் அல்ல, ஸ்பீக்கர். ஸ்பீக்கர் செய்கிற ஹார்மன் நிறுவனத்தின் ஆட்களையே உட்கார வைத்து, ஒரு தடவை திரைக்குப் பின்னால் வைத்தும் ஒரு தடவை கண் முன்னே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்குப் புள்ளி ஏறியது, சின்ன மலிவான செற்றுக்குப் புள்ளி விழுந்தது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கர்களுக்கு இடையில் உண்மையாகவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அப்படி இருந்தும் கண் இவ்வளவு குழப்புகிறதென்றால், வித்தியாசமே இல்லாத இடத்தில் அது எதைத்தான் செய்யாது?

கண் காதை மாற்றும் என்பது உவமைப் பேச்சு இல்லை. 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது: "கா" என்று சொல்லும் உதட்டைக் காட்டிக்கொண்டு "பா" என்ற ஒலியைப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு "டா" என்று கேட்கும். உதடு ஏமாற்றுகிறது என்று தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கும். கண்ணை மூடினால் "பா". ஆகவே மச்சானின் கேபிளைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களுக்கு வீணை துலங்கியது பொய் இல்லை. அவர்களுக்கு அப்படித்தான் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு.

விலை கூடிய சாமானைப் போட்டுவிட்டுக் கேட்கும்போது நாம் கேட்கிற விதமும் மாறிவிடுகிறது. போனை ஓரமாக வைக்கிறோம், ஃபேனைக் குறைக்கிறோம், பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்கிறோம், தெரிந்த பாட்டைத் தெரியாத பாட்டாகக் கேட்கிறோம். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் போடுகிற தனிக் கோலங்கள், ஆயிரம் தடவை கேட்டும் கவனிக்காதவை, அப்போதுதான் தெரியவரும். அவை நூல் வயரிலும் இருந்தன.

சத்தத்தை உண்மையில் மாற்றுவது எது என்று காட்ட எங்கள் ஊர்க் கதை ஒன்று போதும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். டைனமோ ஆறு வோல்ட், மூன்று வாட். வயர் கிடைத்த வயர். அந்த மூன்று வாட்டிலும் நல்ல பேஸ் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானையின் வாயில் வைத்தார்கள். வெறும் ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதைப் பானை தடுக்கிறது, பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருதியில் சேர்ந்து முழங்குகிறது. ஸ்பீக்கர்ப் பெட்டி செய்கிற பொறியியலின் அரிச்சுவடி அது. பானை வைத்ததும் வந்த மாற்றத்தைக் கேட்க யாரும் கண்ணை மூடிச் சோதனை வைக்கத் தேவைப்படவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்கே கேட்டது.

அறையும் அப்படித்தான், பெரிய பானை. வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஹோல் என்றால் தரையில் ரைல்ஸ், நாலு பக்கமும் கொன்கிரீட், ஒரு கண்ணாடி ஷோகேஸ், ஒரு சோபா. நாலு மீற்றர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் இருந்தால் 43 ஹேர்ட்ஸ் கிட்ட, சுவருக்குச் சுவர் மோதி நின்று முழங்குகிற ஒரு நிலையலை எழும்பும், அதன் மடங்குகளிலும் எழும்பும். இருக்கிற இடத்தைப் பொறுத்து அந்தச் சுருதிகள் பத்து டெசிபெல்லுக்கு மேலும் ஏறி இறங்கும். சோபாவை ஒரு முழம் முன்னுக்கு இழுத்தால் மிருதங்கத்தின் தொப்பி வேறு மிருதங்கமாகிவிடும். வயரில் 0.08 டெசிபெல்லுக்கு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறோம், அறையில் பத்து டெசிபெல் சும்மா கிடக்கிறது. ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே எடுப்பதற்குக் காசு இல்லை. ஜன்னலுக்குத் தடித்த திரை, தரைக்கு ஒரு கம்பளம், பக்கச் சுவரில் புத்தக அலுமாரி, கைதட்டினால் வருகிற அந்தக் கணீர் எதிரொலி பாதி அடங்கும். கம்பளம் இங்கே ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்று அம்மாமார் சொல்வது சரிதான், வெயிலில் போட்டு எடுக்கவேண்டும். காலி வீதி பஸ் ஹோனுக்கும் கரையோர ரயிலுக்கும் மருந்து இல்லை. இரவு பத்துக்குப் பிறகு கேளுங்கள்.

பம்பலப்பிட்டி அண்ணையோடு இதைப் பிறகும் கதைத்தேன். சோதனை முடிவை அவர் மறுக்கவில்லை. கேபிளையும் கழற்றவில்லை. "தம்பி, எனக்குத் தெரிஞ்சு கேக்கேக்க நல்லாக் கேக்குது. நான் ஏன் தெரியாமக் கேக்கவேணும்? நான் ஒவ்வொரு நாளும் தெரிஞ்சுதானே கேக்கிறன்?" என்றார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, அவருக்குத் தேவையும் இல்லை. அவருடைய கேபிள், மச்சானின் காசு, ஓய்வூதியக்காரரின் மாலைப்பொழுது. ஒருவர் தன் பூசையறைக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கினால் பித்தளையிலும் அதே வெளிச்சம்தான் என்று நான் போய்ச் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் வருவது, அந்த இன்பத்தைப் பௌதிகவியல் என்று சொல்லி, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டும்போது. பத்திலொரு பங்கு என்ற விதி எங்கே எழுதியிருக்கிறது? வயரின் தடிப்பைத் தீர்மானிப்பது தூரமும் ஸ்பீக்கரின் ஓமும். செற்றின் விலை அந்தச் சமன்பாட்டில் எங்கும் வருவதில்லை. அம்பிளிபயர் பத்து மடங்கு விலையானால் செம்புக்கு அது தெரியுமா?

தம்பி சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் 2.5 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர் வாங்கினார். 7/0.67 வளைக்கக் கஷ்டம், மெல்லிய இழைகள் கூடின நெகிழ்வான வயர் கேள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பார்கள், நுனியைச் சுரண்டிப் பார், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அந்த அலுமினிய வயரின் தடை அதே தடிப்புச் செம்பை விட ஒன்றரை மடங்கு அளவில் வரும். பொன் முலாம் பிளக் நாலும் வாங்கினார். வருடத்துக்கு ஒருக்கால் கழற்றி, கொன்ராக்ட் கிளீனர் அடித்து, திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறேன். கேபிளுக்கு என்று ஒதுக்கிய மிச்சக் காசில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஸ்ராண்ட் செய்ய ஒரு தச்சரைப் பிடித்திருக்கிறார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிற ஷோகேஸை நகர்த்துவது பற்றி அம்மாவோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.